சில்வர்னா சில்வர்தானே!

எங்கள் அபார்ட்மென்ட்டில் என் பார்க்கிங்கை ஒட்டி ஒரு தூண். கட்டிடம் கட்டிய நாளிலிருந்து அங்கேயேதான் நிற்கிறது. அப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கதவைத் திறந்தபோது அது என் கண்ணுக்குத் தெரியவில்லை. டிரைவர் பக்கக் கதவு விளிம்பில் மிளகு அளவுக்குப் பெயின்ட் உதிர்ந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் ப்ரைமர் எட்டிப் பார்த்தது.

மிளகு அளவு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பம்பராக இருந்தால் சும்மா விட்டிருக்கலாம். அது பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. கதவு தகரம். சென்னைக் கடல்காற்றுக்கு ஒரு மிளகு இடம் கொடுத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். தூணுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரிந்திருந்தது போல.

இன்ஷூரன்ஸில் போடலாமே என்பீர்கள். தொடர்ந்து 5 வருஷம் கிளெய்ம் போடாமல் இருந்தால் 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ். ஒரு கிளெய்ம் போட்டால் அத்தனையும் பூஜ்யம். என் பெயரில் நான் சேர்த்து வைத்திருக்கும் ஒரே சேமிப்பு அதுதான். அதனால் நானே டச்சப் பண்ணிவிடுவது என்று முடிவெடுத்தேன். வீடியோவில் பார்த்தால் பத்து நிமிஷ வேலை.

ஆக்ஸசரீஸ் கடையில், "என்ன கலர் சார்?" என்றார். "சில்வர்." "என்ன சில்வர்?" இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. சில்வர்னா சில்வர்தானே! இல்லையாம். கம்பெனிக்குக் கம்பெனி சில்வர் வேறு, குறியீடும் வேறு. மாருதியின் சில்க்கி சில்வருக்கு இசட்2எஸ் என்று பெயர். நம் காருக்கு என்ன என்பது, கதவைத் திறந்தால் நடுத்தூணிலோ பானெட்டுக்குள்ளோ இருக்கும் சின்னத் தகட்டில் போட்டிருக்கும். நான் செல்போனை நீட்டி, "இந்த மாதிரி" என்றேன். அந்த போட்டோ பார்க்கிங் ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது.

நெயில் பாலிஷ் பாட்டில் சைஸில் ஒன்றைக் கொடுத்தார். உள்ளே ஒரு குட்டிக் குண்டு உருளும். மெட்டாலிக் பெயின்ட்டில் மினுமினுப்பைத் தருவது பொடிப்பொடியான அலுமினியத் துகள்கள். அவை அடியில் போய்ப் படிந்துவிடும், குண்டு போட்டு உருட்டி மேலே கொண்டுவர வேண்டும். சில நிமிஷமாவது விடாமல் குலுக்கணும். நான் மரியாதைக்கு இரண்டு குலுக்கு குலுக்கினேன். பாத்திரம் கழுவின தண்ணி நிறத்தில் ஒரு சொட்டு வந்தது. சில்வர் எல்லாம் பாட்டிலின் அடியில் பத்திரமாக இருந்தது.

பெயின்ட் வைப்பதற்கு முன் அந்த இடத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும், மெழுகோ எண்ணெயோ இருந்தால் பெயின்ட் பிடிக்காது. நான் பழைய பனியனால் துடைத்தேன். பனியனின் நூல் ஒன்று இன்றைக்கும் அந்தப் பெயின்ட்டுக்குள் இருக்கிறது.

அடுத்தது நுணுக்கமான கட்டம். கம்பெனியில் அடித்து அனுப்பும் பெயின்ட், ப்ரைமரிலிருந்து மேலே இருக்கும் கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, சொச்சம். அவ்வளவு சின்னப் பள்ளத்தை நிரப்ப, டூத்பிக் நுனியில் தொட்டு வைத்து, காயவிட்டு, மறுபடி தொட்டு வைக்கணும். அதுவும் நிழலில். நான் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, மூடியோடு வந்த பிரஷ்ஷை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். மிளகு பட்டாணியாகிவிட்டது.

போதாததற்கு மேடு வேறு. அதைச் சமன் செய்ய 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போடணும் என்று வீடியோவில் சொன்னார்கள். 2000! எனக்குப் பகீரென்றது. அவ்வளவு பெரிய நம்பர் தகரத்தையே அறுத்துவிடாதா? நிதானமாக யோசித்து, கார்பென்டர் வீட்டில் விட்டுப்போயிருந்த 120 நம்பரை எடுத்தேன். நான் நிதானமாக யோசித்து எடுத்த முடிவுகள் எல்லாமே இந்த ரகம்தான்.

நம்பர் ஏற ஏற பேப்பர் நைசாகும், இறங்க இறங்க முரடாகும். 120-இல் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு துகளும் சுமார் 125 மைக்ரான். அதாவது என் காரின் மொத்தப் பெயின்ட் கனம். இந்தக் கணக்கையெல்லாம் நான் தேய்த்து முடித்த பிறகு, உட்கார்ந்து, நன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மனைவி கீழே வந்து பார்த்தாள். "முதல்ல எங்கங்க போயிருந்துச்சு?" "இங்கதான்." "அப்படியா? அது எனக்குத் தெரியவே இல்லையே. இது பால்கனியிலேருந்தே தெரியுது."

கடைசியில் டிங்கரிங் கடை. பெயின்ட்டர் குனிந்து பார்த்தார், நகத்தால் சுரண்டினார், நிமிர்ந்து, "யார் சார் இதைப் பண்ணது?" என்றார். "செகண்ட் ஹேண்ட் வண்டிங்க. பழைய ஓனர்" என்றேன். முகம் தெரியாத ஒரு நல்ல மனுஷனுக்கு நான் செய்த துரோகம் அது. "சரியான கலர்னாலும் இப்படித்தான் தெரியும் சார். ஸ்ப்ரேல அடிச்சா ஜிகினா சீராப் படுத்துக்கும். பிரஷ்ல இழுத்தா தாறுமாறா நிக்கும், டார்க் அடிக்கும். இப்ப கதவு முழுசா அடிக்கணும். பக்கத்துப் பேனல்லயும் கொஞ்சம் ஷேடு இழுத்துவிட்டாத்தான் வித்தியாசம் தெரியாது." பழைய ஓனரை நாங்கள் இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் திட்டினோம். தொகையைக் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று வண்டியை எடுத்தேன்.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் ஒரு லாபமும் வந்தது. மால் பேஸ்மென்ட்டில் நூறு சில்வர் காருக்கு நடுவே என் காரை உடனே கண்டுபிடித்துவிடுவேன். போன வாரமும் அப்படித்தான், கதவு விளிம்பில் அந்தப் பட்டாணியைப் பார்த்து நேராகப் போய்ச் சாவியை அமுக்கினேன். திறக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். இரண்டு வரிசை தள்ளி என் கார் கண் சிமிட்டியது.

பின்னால், கையில் மளிகைப் பையோடு அந்தக் காரின் சொந்தக்காரர். நான் எதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"பிரஷ்ஷா, டூத்பிக்கா?" என்றார்.

"பிரஷ்ங்க."

"நான் டூத்பிக்" என்றார்.