கோஸி அப் டு: ஓசூர்வாசிகளுக்கு ஒரு செய்முறைப் பாடம்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டி, இரண்டாம் வாரமே ஓ.டி. பார்க்கப் போய்விட்டவர்களுக்கான பாடம் இது. இன்றைய வினைச்சொல் ‘கோஸி அப் டு’. பயப்படாதீர்கள். செய்முறை உங்களுக்குக் கைவந்ததுதான், பெயர்தான் புதிது.

1. பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோஸி என்றால் கதகதப்பு. மார்கழிக் குளிரில் பூனை அடுப்போரம் ஒண்டுகிறதே, அது முதல் பொருள். அதை விட்டுத்தள்ளுங்கள், அதில் இன்க்ரிமென்ட் கிடையாது. காரியம் ஆகவேண்டிய ஆளிடம் ஒண்டுவது இரண்டாம் பொருள். இதற்குத் தமிழில் சொல் பஞ்சமா? ஐஸ் வைக்கலாம், சோப்புப் போடலாம், ஜால்ரா தட்டலாம், காக்கா பிடிக்கலாம். (கால் கை பிடிப்பதுதான் தேய்ந்து காக்கா ஆனது என்பார்கள். காக்கைக்கு இதில் பங்கில்லை, பாவம்.) ஆனால் தமிழில் செய்தால் கையில் ஐஸோ சோப்போ இருந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் கை காலி, வெறும் கதகதப்புதான். ஆகவே ஆங்கிலத்திலேயே செய்யுங்கள்.

2. ‘டு’வை விழுங்காதீர்கள். யாரிடம் என்பது அதற்குப் பின்னால்தான் வரும். அங்கே லைன் லீடரை வைக்கலாம், சூப்பர்வைசரை வைக்கலாம், ஹெச்.ஆரை வைக்கலாம். போன வாரம் சேர்ந்த கான்ட்ராக்ட் பையனை வைத்தால் வாக்கியம் நிற்காது.

3. ‘நான்’ என்று தொடங்காதீர்கள். இந்த வினை படர்க்கைக்கே உரியது. அவன் மேனேஜரிடம் கோஸி அப் ஆகிறான்; நீங்கள் மூத்தவர்களை மதிக்கிறீர்கள்.

4. கைசன் தாளை, அதாவது வேலையை மேம்படுத்தும் யோசனைத் தாளை, நிரப்புங்கள். ஸ்பேனரைத் தொங்கவிட ஓர் ஆணி அடித்தால் ஷிஃப்டுக்குப் பத்து நிமிடம் மிச்சம் என்று கண்டுபிடித்தவர் நீங்கள். அதனால் என்ன? சூப்பர்வைசர் பெயரை முதலில் எழுதுங்கள். ‘சாரின் வழிகாட்டுதலில்’ என்று சேருங்கள். ஆணி அடிக்கும் படத்தில் சுத்தியல் அவர் கையில் இருக்கட்டும். பரிசாக வரும் டிபன் பாக்ஸை அவரே வாங்கிக்கொள்வார், நீங்கள் முதல் வரிசையில் நின்று கைதட்டுங்கள். ஆணியை நீங்கள்தான் அடித்தீர்கள் என்பதை டீ டைமில்கூட மறந்துவிடுங்கள்.

5. சார் வீட்டில் என்ன மொழி என்று விசாரியுங்கள். ஓசூரில் பிறந்த யாருக்கும் தமிழ், தெலுங்கு, கன்னடம், கொஞ்சம் உருது வாயில் புரளும். ஆகவே தெலுங்குக்காரர் மாற்றலாகிக் கன்னடக்காரர் வந்தால் ‘பாகுன்னாரா’வைச் சாயங்காலமே மூட்டைகட்டி, காலையில் ‘சென்னாகிதீரா’ என்று நில்லுங்கள். மதுரையிலிருந்து ஒருவர் வந்துவிட்டால்தான் சிக்கல். தமிழில் குழைந்து நமக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று.

6. தனியாளாகத் தேறியபின் ஊரோடு சேர்ந்து ஒட்டுங்கள். பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். நம் ஊரின் பெயரே கன்னடத்தில் ‘புது ஊர்’. ஒட்டுகிற வேலை அங்கேயே தொடங்கிவிட்டது. மனை விற்கிறீர்களா? கிலோமீட்டரைச் சொல்லாதீர்கள், நிமிடத்தைச் சொல்லுங்கள், அதையும் ராத்திரி இரண்டு மணிக்கு அளந்து சொல்லுங்கள். சூளகிரியில் விற்றாலும் ‘பெங்களூருக்கு மிக அருகில்’. கிருஷ்ணகிரி மாந்தோப்பை மட்டமாக்கி விற்றாலும் அதே வரிதான். மெட்ரோவின் மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவோடு நின்றுகொண்டது. உங்கள் பேனரில் அது நிற்க வேண்டாம், மாநில எல்லையிலுள்ள ஜூஜூவாடி தாண்டி வரட்டும்.

ஓர் எச்சரிக்கை. ஒட்டவிடாதவர்களும் உண்டு. 2024 ஜூன் 27 அன்று முதல்வர் சட்டமன்றத்தில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் வரக்கூடிய விமான நிலையம் என்று அறிவித்தார். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்திலோ 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் புதிதாக இன்னொன்று கூடாது என்ற ஷரத்து இருக்கிறது. ‘தள்ளி நில்’ என்பதை இவ்வளவு துல்லியமாகக் கிலோமீட்டரில் எழுதியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நீங்கள் அசராதீர்கள். பேனரில் விமானத்தையும் வரையுங்கள்.

7. அறைக்குத் திரும்பியதும் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர், மூன்று பாய். நீங்கள் சி ஷிஃப்ட் முடித்து வரும்போது ஒடிசாக்காரப் பையன் ஜெனரல் ஷிஃப்டுக்கு எழுந்து போகிறான். அவன் பெயரைக் கேட்காதீர்கள். அவனால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை, இரண்டாம் விதியைப் பாருங்கள். பாய் இன்னும் சூடாக இருக்கும். படுத்துக்கொள்ளுங்கள்.