காதுக்குள் ஓடும் லாரி: கேள்வி – பதில்

கேள்வி: ஆறு சிலிண்டர் லாரி. பழைய சைலன்சரைக் கழற்றிவிட்டு அகலமான நேர் பைப் போட்டோம். டாப் கியரில் ஒரே வேகத்தில் போகும்போது கேபினுக்குள் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். தலையே கனக்கிறது. நடுவில் போனட் மேல் உட்கார்ந்து வந்த ஓனரோ, “எனக்கு ஒண்ணும் கேக்கலியே” என்கிறார். யார் சொல்வது சரி?
– லாரி டிரைவர், நாமக்கல்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். உட்கார்ந்த இடம்தான் வேறு.

ஆறு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்று வந்தால் மூன்று வெடிப்பு. 1,500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 25 சுற்று, 75 வெடிப்பு. இத்தனை நாள் அந்தத் துடிப்பைச் சைலன்சர் விழுங்கிக்கொண்டிருந்தது. இப்போது மிச்சம் மீதியில்லாமல் வெளியே வருகிறது. உங்கள் கேபினின் உள் அகலம் ஏறக்குறைய 2.3 மீட்டர் இருக்கும். இரண்டு கதவுக்கும் இடையே அடைபட்டுக் கிடக்கும் காற்றுக்கும் நொடிக்குச் சுமார் 75 முறை அதிர்வதுதான் இயல்பு. காலி பாட்டில் வாயில் ஊதினால் எழும் சத்தம் போல, இரண்டும் ஒத்துப்போனதும் கேபினே உறுமுகிறது. அப்படி உறுமும்போது கதவோரம்தான் அழுத்தம் அதிகம். நட்டநடுவில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. அடுத்த நடையில் ஓனரை இடது கதவோரம் உட்கார வையுங்கள். பேச்சுவார்த்தை சீக்கிரம் முடிந்துவிடும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்றுங்கள். அதே 1,500-ல் உறுமினால் குற்றவாளி எக்ஸாஸ்ட். நின்ற வண்டியில் சத்தமே வராமல், ஓடும்போது வேகத்தோடு சேர்ந்து ஏறினால் டயரையும் டிஃபரன்ஷியலையும் பாருங்கள்.

கேள்வி: சீட்டுக்குப் பின்னால், கூரையில், கதவில் என்று எல்லா இடத்திலும் ஃபோம் ஒட்டிவிட்டேன். காசு போனது, சத்தம் போகவில்லையே?
– லாரி உரிமையாளர், திருச்செங்கோடு

பதில்: ஃபோம் பிடிப்பது டர்போ விசிலையும் இன்ஜெக்டர் ‘டக் டக்’கையும்தான். உங்களை வாட்டும் உறுமலின் அலைநீளம் நாலரை மீட்டர். ஓர் அங்குல ஃபோம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒட்டியதைப் பிய்க்க வேண்டாம், முதலில் ஓட்டையைத் தேடுங்கள். ராத்திரி கேபினில் விளக்கை அணைத்துவிட்டு, கீழே ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். கியர் லீவர் ரப்பர் கிழிந்த இடம், கிளட்ச் பெடல் துளை, வயர் ஏறிவரும் துளை, போனட் ஓரம் என்று வரிசையாக வெளிச்சம் வரும். வெளிச்சம் வரும் வழியெல்லாம் சத்தமும் வரும். தரையில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மற்ற 99 பங்கை எவ்வளவு கனமாக மூடினாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. நூறு ரூபாய் ரப்பர் வாஷர் செய்யும் வேலையை ஆயிரக்கணக்கில் வாங்கிய ஃபோம் செய்யாது.

ஓட்டையை அடைத்த பிறகு கனமான ரப்பர் ஷீட்டை இடைவெளி விடாமல் தரையிலும் போனட்டிலும் விரியுங்கள். கனம்தான் தடுக்கும். எடை இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். பைப்புக்குப் பக்கத்தில் மட்டும் ஃபோம் ஆகவே ஆகாது. டீசல் ஊறிய ஃபோமுக்குத் தீப்பிடிக்க நேரம் வேண்டாம்.

கேள்வி: சத்தம் கூடினால் இழுவையும் கூடியதாகத்தானே அர்த்தம்?
– கிளீனர், சங்ககிரி

பதில்: இல்லை தம்பி. பழைய சைலன்சருக்குள் தகடு உடைந்து வழியை அடைத்திருந்தால், அதைக் கழற்றியதும் வண்டி இழுக்கும். நல்ல சைலன்சர் புதிதாக மாட்டியிருந்தாலும் அதே இழுவை கிடைத்திருக்கும், அதுவும் அமைதியாக.

கேள்வி: பைப்பை மாற்றாமல் உறுமலை மட்டும் ஒழிக்க முடியுமா?
– ஒர்க்‌ஷாப் மெக்கானிக், ஈரோடு

பதில்: முடியும். ஆனால் வண்டிக்கடியில் படுத்துப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்து ஆடுகிறது. அந்த ஆட்டம் பைப்புக்குப் போகாமலிருக்கத்தான் நடுவில் நெளிகிற பெல்லோஸ் வைத்திருக்கிறார்கள். பைப் மாற்றும்போது பெல்லோஸை வெட்டிவிட்டு நேராக வெல்டிங் வைத்துவிடும் பழக்கம் உண்டு. அப்படி வைத்தால் எஞ்சினின் உதறல் முழுக்க சேஸிஸ் வழியாகக் கேபினுக்கு ஏறும். ஸ்டீயரிங்கைப் பிடித்த கை மரத்துப்போவது இதன் அடையாளம். பெல்லோஸைத் திரும்ப வையுங்கள். ஹேங்கர் ரப்பரை மாற்றுங்கள். பைப் சேஸிஸில் எங்கேயும் உரசாமல் ஒரு விரல் போகும் இடைவெளி இருக்கட்டும். ஜாயின்ட்டில் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. அதை உடனே அடையுங்கள், கேபினுக்குள் வருவது சத்தம் மட்டுமல்ல.

அதற்குப் பிறகும் உறுமினால், உள்ளே துளையிட்ட குழாயும் சுற்றிலும் கண்ணாடிக் கம்பளியும் உள்ள சைலன்சரை அதே விட்டத்தில் வாங்கிப் போடுங்கள். புகைக்கு வழி விட்டுச் சத்தத்தைப் பிடிக்கும். அதற்கும் அடங்காத உறுமலுக்குப் பக்கவாட்டில் நுனி அடைத்த ஒரு குழாய் வேண்டும். அலை அதற்குள் போய் முட்டித் திரும்பி, வருகிற அலையோடு மோதி அழியும். குழாயின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. 300 டிகிரிச் சூட்டில் ஒலி நொடிக்கு 480 மீட்டர் ஓடும் என்பதால், 75 துடிப்புக்கு 1.6 மீட்டர் கணக்கு. முட்டுக் குழாயில் சூடு குறைவு, எனவே இதைவிடக் குட்டையாகவே அமையும். 1.6-ல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பாருங்கள்.

கேள்வி: பிஎஸ்-6 வண்டியிலும் இப்படி மாற்றலாமா?
– லாரி உரிமையாளர், கரூர்

பதில்: கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த உங்கள் வண்டியில் அந்தப் பெட்டி வெறும் சைலன்சர் இல்லை. புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளும் அதோடு சேர்ந்தவை. கை வைத்தால் சென்சார் கண்டுகொண்டு இழுவையைக் குறைத்துவிடும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி சத்த அளவையோ புகை அளவையோ மீறினால், முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். பழைய வண்டிக்கும் சைலன்சர் கட்டாயம்தான்.

கேள்வி: பைப் மாற்றியதிலிருந்து என் வீட்டுக்காரர் நடை முடிந்து வந்தால் டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிறார். காதில் ‘ஙொய்’ என்கிறதாம். தூங்கினால் சரியாகிவிடுமா?
– டிரைவரின் மனைவி, ராசிபுரம்

பதில்: ஆரம்பத்தில் சரியாகும், பிறகு ஆகாது அம்மா. அமெரிக்கப் பணிநல ஆய்வு அமைப்பான நையோஷ் கணக்குப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காதுக்கு எல்லை. 88 ஆனால் நாலு மணி, 91 ஆனால் இரண்டு மணி. போன செவி நரம்பு திரும்ப வராது. இந்த வாரமே அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை பிரிவுக்கு அழைத்துப் போய் ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்கள். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு இறங்கியிருந்தால் அது சத்தம் தின்ற காது. அந்தத் தாளை ஓனரிடம் காட்டி, அடுத்த லோடு ஏற்றுமுன் சைலன்சரை மாட்டச் சொல்லுங்கள். அவர் யோசித்தால் முதல் பதிலைப் படித்துக் காட்டி, இடது கதவோரம் உட்கார அழைக்கலாம்.