எடையே துணை

பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத் தென்னந்தோப்புக்காரர்களுள், கடையில் நிற்கும் எந்த இயந்திரத்தையும் விலை கேட்டு, ஒருமுறை சுற்றிவந்து, குனிந்து அதன் அடிவயிற்றைப் பார்த்து, "இதுல என்னங்க இருக்குது, ரெண்டு தகடும் ஒரு பேரிங்கும்தானுங்களே" என்று சொல்லி வாங்காமல் திரும்பும் ஒரு பிரிவினர் உளர். இவரைக் கஞ்சர் என வகைப்படுத்துவது பிழை. கஞ்சர் செலவைத் தவிர்ப்பவர், இவரோ அதே செலவைச் சிறுசிறு கூறுகளாக்கி நான்கைந்து லேத் பட்டறைகளுக்குப் பகிர்ந்தளித்துவிட்டு, செலவே ஆகவில்லை என்று உளமார நம்புபவர். இவ்வகையினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் செய்யத் துணியும் பெரும்பொருள், மரக்கிளைகளையும் மட்டைகளையும் சிறுசில்லுகளாக்கும் சிப்பர் ஆகும்.

தேவை பொய்யானதன்று. காய்ப்புக்கு வந்த தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டையைக் கழிக்கிறது; 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 70 மரம் நிற்கும்; ஆகவே ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஆண்டுக்கு 4,000 மட்டைக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. இவற்றைத் தூளாக்கி வட்டப்பாத்தியில் மூடாக்காக, அதாவது ஈரம் காயாதபடி மண்ணின்மேல் போர்வையாக, இடுவது நல்ல வேளாண்மை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஐயத்துக்குரியது அவர் அதற்குத் தேர்ந்துகொள்ளும் வழி மட்டுமே.

சிப்பரின் அமைப்பு எளிது. ஒரு தண்டில் கனத்த எஃகு வட்டத்தகடு சுழல்கிறது. அதன் முகத்தில் இரண்டு அல்லது மூன்று கத்திகள் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்க, எதிரே அசையாத ஒரு நிலைக்கத்தி, மயிரிழை போன்ற சிறிய இடைவெளியில் நிற்கிறது. அவ்விடைவெளி அகன்றால் மரம் வெட்டுப்படாமல் பிய்ந்துபோகும். சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்தின் நெருங்கிய உறவினர் இது என்பதால், "எங்க பாட்டன் சாளையிலயே இருந்த சாமானுங்க" என்பது அவர் வாதம். சாளை என்பது தோட்டத்து வீட்டுக்குக் கொங்கு நாட்டில் வழங்கும் பெயர். இவ்வகையினரின் குலதெய்வம் கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு (1893–1974). இளமையில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து மீண்டும் பூட்டியவர் அவர். பிரிப்பதில் இவர்கள் அவரை வழுவாது பின்பற்றுகின்றனர்.

இவருடைய பொறியியலின் மையக் கோட்பாடு எடை. 'ஹெவி டூட்டி' என்ற தொடரைப் பொறியாளர்கள், ஓயாத கடும் பளுவைத் தாங்கும் திறன் என்ற பொருளில் ஆள்வர். இவர் அகராதியிலோ, நான்கு பேரால் தூக்க முடியாதது என்பதே அதன் பொருள். சுழலும் தகட்டில் தேங்கும் ஆற்றல் எடைக்கு நேர்விகிதமாகவும் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதமாகவும் உயர்வதால், 60 செ.மீ. விட்டமும் 25 மி.மீ. கனமும் கொண்ட தகட்டை, எடை ஏறத்தாழ 55 கிலோவே ஆயினும், டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு, அதாவது பிற கருவிகளை ஓட்டும் விசைத்தண்டு, தரும் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குப் பதிலாக, பெல்ட்டும் புல்லியும் மாட்டி 1,080 சுற்றில் ஓட்டினால், ஆற்றல் நான்கு மடங்காகும். அவர் இதைக் கேட்டுத் தலையசைப்பார். பின்னர் 50 மி.மீ. கனமுள்ள தகட்டை வாங்கிவந்து 540 சுற்றிலேயே ஓட்டி, இருமடங்கோடு மனநிறைவடைவார். காரணம் வெளிப்படையானது: எடையைக் காயலான் கடையில் கிலோக் கணக்கில் வாங்கலாம், வேகத்தை அங்கே நிறுத்துக் கொடுப்பாரில்லை.

கத்திகளுக்கு லாரியின் வில்பட்டையையே நாடுகிறார்; அந்த எஃகைக் கொல்லர் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துப் பதம் வைத்தால் நெடுநாள் முனை மழுங்காது என்பது அனுபவ உண்மை. தகட்டைச் சமன்செய்யும் முறையிலும் குறை சொல்வதற்கில்லை: தண்டோடு இரண்டு மட்டமான இரும்புகளின்மேல் வைத்து உருட்டிவிட்டால் கனத்த பக்கம் கீழே வந்து நிற்கும், அப்பக்கத்தைச் சிறிது தேய்த்துக் குறைக்க வேண்டும். எட்டாவது முறை தேய்ப்பதற்குள் லேத் பட்டறைக்காரரிடம் அவர் குடும்ப உறுப்பினராகிவிடுவதும், "அண்ணா, இதோட போதுமுங்கண்ணா" என்று பட்டறைக்காரர் கெஞ்சுவதும் வழக்கம். வீட்டில் "ஏனுங்க, இது எப்பத்தானுங்க ஓடும்?" என்று கேட்கப்படும் வினாவுக்கு, வரும் வெள்ளிக்கிழமை என்பது நிலையான விடை, எந்த ஆண்டின் வெள்ளிக்கிழமை என்பது கூறப்படுவதில்லை.

ஓரிடத்தில் மட்டும் நகைப்பை நிறுத்திவிட்டு அவரைக் கண்டிக்க வேண்டியுள்ளது. மட்டையை உள்ளே செலுத்தும் வாய்க்குழல் நீளமாக இருப்பது அழகுக்காக அன்று, செலுத்துபவரின் கை எவ்வளவு நீண்டாலும் கத்தியை எட்டாதிருப்பதற்காக. இரண்டு அங்குல எஃகுத் தகட்டுக்குக் கணக்குப் பாராத அந்தப் பெருந்தகை, இங்கே இரண்டடித் தகரத்தை மிச்சம் பிடித்து, பழைய பீப்பாய் ஒன்றை அறுத்து ஒட்டவைத்துவிடுகிறார். கொள்கைப் பிடிப்புள்ள ஒரு மனிதர் எடை குறைவு என்ற ஒரே காரணத்தால் தகரத்தை இவ்வளவு இழிவாகக் கருதுவது வருந்தத்தக்கது.

இயந்திரம் ஓடத் தொடங்கும் நாளில் அதன் குணங்கள் புலப்படுகின்றன. அது வேகம் பிடிக்க ஒரு வெற்றிலை போடும் நேரமும், அணைத்தபின் நிற்க ஒரு சாப்பாட்டு நேரமும் ஆகும். காய்ந்த வேப்பங்கிளையை அது மென்று துப்புவதைக் காண அண்டைத் தோட்டத்தார் திரண்டுவருவர். ஆனால் பச்சைத் தென்னைமட்டையின் நார் வெட்டுப்படாமல் தண்டில் சுற்றிக்கொள்கிறது. அரைமணி ஓட்டினால் தண்டு கயிறு திரிக்கும் இராட்டையின் தோற்றத்தை அடைகிறது. அதைவிட, மோட்டார் ரூமின் அருகே கான்கிரீட் மேடையில் நிறுவப்பட்ட அவ்வியந்திரம் மரத்தடிக்குப் போகாதாகையால், மட்டைகள் வண்டியேறி அதனிடம் வந்து, சில்லுகளாகி, மீண்டும் வண்டியேறி மரத்தடிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

அவர் நாரை அறுத்துக்கொண்டிருக்கும் அந்நேரத்தில், தோப்பின் மறுகோடியில் வேலைக்கு வந்த அம்மாள் மட்டையை அந்தந்த மரத்தின் அடியிலேயே கொடுவாளால் துண்டுபோட்டுப் பாத்தியில் பரப்பி, நான்காவது வரிசையை முடித்திருப்பார். அந்தக் கொடுவாள், சிப்பர் கத்திக்கு வாங்கிய வில்பட்டையில் மிஞ்சிய துண்டிலிருந்து, அதே கொல்லரால், தனிக்கூலி இல்லாமல் அடித்துத் தரப்பட்டது.