கட்டைவிரலின் மீள்வருகை: சப்ரகமுவத் தோட்ட ஆசிரியரிடையே மடற்குழுவும் வட்ஸ்அப் குழுவும் குறித்த பன்னோக்கு ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்: ஆசிரியர்கள் தமக்குள் செய்தி பரிமாற மின்னஞ்சல் மடற்குழு நல்லதா, வட்ஸ்அப் குழு நல்லதா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். முடிவு முன்னமே தெரிந்திருந்ததால், துறை மரபுப்படி சான்றுகள் பின்னர் தேடப்பட்டன.

1. எல்லை

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள். இவை மலையகத்துள் அடங்குமா என்ற வினாவால் பல கருத்தரங்குகளும் மதியச் சாப்பாடும் நடந்துவருகின்றன. விடை சொல்லி அவற்றைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

2. சங்க காலம்

சங்க காலத்தில் வட்ஸ்அப் இல்லை. கடமை முடிந்தது.

3. தோட்ட மரபு

தோட்டத்தின் முதல் குழுச்செய்தி தப்பு மேளம். விடியுமுன் தப்படித்தால் பெரட்டுக்களத்தில் ஆள் சேர வேண்டும். எல்லார் காதுக்கும் ஒரே நேரத்தில் போகும். ஓசையை அணைத்துவைக்க முடியாது. பதில் போடவும் இடமில்லை. கடிதத்தின் போக்கு வேறு. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாததால் அது தோட்டத்து ஆபிசுக்கு வந்து, அங்கே கிடந்து, யார் கையிலோ ஏறி, ஆறிப்போய் வந்துசேரும். பல தோட்டங்களில் இன்றைக்கும் இதே கதைதான். ஆகவே நவீனர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லும் உடனடிச் செய்தி, தாமதச் செய்தி என்னும் இருமை தப்புக்கும் தபாலுக்கும் இடையிலான பழைய வழக்கே (பலாங்கொடை பஸ், சாரதிக்குப் பின் இருக்கை, பெரியவர் ஒருவர், வாய்மொழி).

4. மடற்குழு

லிஸ்ட்சேர்வ் என்ற மடற்குழு மென்பொருளை எரிக் தோமஸ் என்னும் மாணவர் 1986இல் எழுதினார். தமிழர் மின்னஞ்சலை வைத்துச் சாதித்ததும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிற்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, வெவ்வேறு நாட்டுத் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டுப் பிழை திருத்தினார்கள். நடுவில் எவரும் ரோசாப்பூ அனுப்பவில்லை. ஆனால் மடல் என்றும் நிலைக்கும் என்று இறுமாக்க வேண்டாம்: யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15இல் மூடப்பட்டன. ஓலைக்குக் கறையான், மடலுக்குக் கம்பனி.

5. வட்ஸ்அப் குழு

ஒரு குழுவில் 2016இல் 256 பேர் வரை இருக்கலாம்; 2022இல் அது 1024 ஆயிற்று. எங்கள் பாடசாலையின் ஆசிரியர், பிள்ளைகள், பெற்றோர், வாசலில் படுக்கும் நாய் எல்லாரையும் சேர்த்தாலும் இடம் மிஞ்சும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடமே இதற்குள்தான் நடந்தது. இறப்பர் மலைக்கு மேலே சிக்னல் கிடைக்கும் பாறைதான் வகுப்பறை. மழை வந்தால் விடுமுறை. இரத்தினபுரியில் மழை வராத நாள் எது என்பது தனி ஆய்வுக்குரியது.

இக்குழுவில் வரும் செய்திகள் நால்வகைப்படும்: சுற்றுநிருபம், காலை வணக்கம், அழிக்கப்பட்ட செய்தி (மிகக் கவனமாக வாசிக்கப்படுவது இதுவே), கட்டைவிரல். கடைசியது தனி இயல் கேட்கிறது.

6. கட்டைவிரல் இயல்

கட்டைவிரல் எழுபொருள் ஒருசொல். வாசித்தேன்; வாசிக்கவில்லை; அதிபர் வாசித்ததைக் கண்டேன்; மற்றவர் போட்டார்கள், நானும் போட்டேன்; சம்மதம்; சம்மதமில்லை, ஆனால் இடமாற்றம் வேண்டாம்; பொக்கெட்டுக்குள் போன் தானாக அமுங்கியது. மரணச் செய்திக்குக் கீழே வரும் கட்டைவிரலை எட்டாவதாகக் கொள்வாரும் உளர் (மேலது, அதே பெரியவர், இறங்கும்போது). அதை ஏழனுள் அடக்குவாரும் உளர் (தேத்தண்ணிக்கடைக் கடன் கொப்பி, 14ஆம் பக்கம், இடது ஓரம், சீனிக் கறைக்குக் கீழே, மறுப்பு: அதே பக்கம், கடைக்காரர் கை, சிவப்பு மை, மறுப்புக்கு மறுப்பு: கிழிந்துள்ளது, கிழித்தவர் பாடம் கிடைக்கவில்லை).

இதன் வரலாறு ஆழமானது. எங்கள் தாத்தா சம்பள நாளில் மேசைக்கு முன் நிற்பார். கணக்கப்பிள்ளை அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றிப் பேரேட்டில் அழுத்துவார். அந்த வரியில் எவ்வளவு எழுதியிருந்தது, எவ்வளவு பிடித்திருந்தது என்று அவருக்குத் தெரியாது, வாசிக்கத் தெரிந்தால்தானே? பேரன்கள் கலாசாலைக்குப் போய்ப் பயிற்றப்பட்ட ஆசிரியர்களாகி, ஐந்து பக்கச் சுற்றுநிருபத்தின் அடியில் அதே விரலை வைக்கிறோம். ஒரே வேறுபாடு, இப்போது மை இல்லை. விரலைப் பிடிக்கக் கணக்கப்பிள்ளையும் தேவையில்லை. இதைத் "தலைமுறை கடந்த பெருவிரல் தொடர்ச்சி" என்று நான் பெயரிடுகிறேன். லயத்துக்கு முன் நின்று படமெடுத்து, மூன்று நாளில் களஆய்வை முடித்துக்கொண்டு போகும் அறிஞர்கள் இச்சொல்லைத் தாராளமாக எடுத்தாளலாம். என் பெயரைப் போட மாட்டார்கள் என்பது தெரிந்ததே.

7. கள ஆய்வு

மாதாந்த ஆசிரியர் கூட்டம் செவ்வாய் இரண்டு மணிக்கு என்று குழுவில் வந்தது. செவ்வாயன்று மழையில் நனைந்து, அட்டைக்கடியோடு இரண்டு மைல் இறங்கிப் போனேன். மண்டபம் பூட்டியிருந்தது. நாய் மட்டும் வந்திருந்தது. போனைத் திறந்து மேலே தள்ளிப் பார்த்தேன்: கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதாகத் திங்கள் மாலையே அறிவித்திருந்தார்கள். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். முதலாவது என்னுடையது.