அரளியும் இலைதான்

கே: பிறந்தநாள் விருந்தில் "ஒரே ஒரு மடக்குடா" என்று கூட்டாளிகள் கிளாஸை நீட்டுகிறார்கள். எப்படித் தப்பிப்பது? - படிவம் நான்கு மாணவன், சித்தியவான்

ப: காரணம் சொல்லாதே, தம்பி. காரணம் சொன்னால் வாதம் வரும். "எனக்கு வேணாம்", அவ்வளவுதான். கையில் ஒரு மைலோ டின் இருக்கட்டும். வெறுங்கையைத்தான் கிளாஸ் தேடி வரும். 2017 டிசம்பர் முதல், 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்பதே சட்டப்படி குற்றம். உனக்கு இன்னும் வருஷம் கிடக்கிறது.

கே: கெத்தும் தண்ணி வெறும் இலைச்சாறுதானே? - ஆயர் தாவார் வாசகர்

ப: அரளியும் இலைதான். அபின் போய் ஒட்டும் மூளையின் அதே இடத்தில்தான் கெத்தும் இலையில் உள்ள மித்ராகைனினும் ஒட்டுகிறது. அதோடு இருமல் மருந்தையும் கலந்தால் மூச்சே தளரும். நச்சுப்பொருள் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், 4 ஆண்டு வரை சிறை.

கே: தோட்டத்து ஜனங்களுக்குக் குடி ரத்தத்திலேயே ஊறியது என்கிறாரே என் ஆசிரியர்?

ப: ரத்தத்தில் இல்லை, லயத்துப் பக்கத்தில் இருந்தது. கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே நடந்தது. சம்பளம் வந்த வழியே திரும்பிப் போனது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் "கள்ளுக்கடையை மூடு" என்பதும் ஒரு கோரிக்கை. போருக்குப் பிறகு கெடாவில், பெடோங் ஹார்வார்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தது. 1947இல் கைதானவர்கள் பலர். அவர்களும் தோட்டத்து ரத்தம்தான். இதை ஆசிரியரிடம் மரியாதையோடு சொல்.

கே: டிரயலில் மார்க் குறைந்ததும் மகனின் பந்தைப் பூட்டி வைத்தேன். இப்போது கதவைச் சாத்திக்கொள்கிறான், அறையில் வேப் வாசனை. அடிக்கலாமா? - ஒரு தாயார்

ப: வேண்டாம்மா. முதலில் பந்தை எடுத்துக் கொடுங்கள். நெஞ்சில் அடைந்ததை வியர்வையாக இறக்கிவைக்க அவனுக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதைப் பூட்டினோம், அவன் புகையைத் தேடிப் போனான். இரவு பசியாறும்போது மார்க்கைப் பற்றிப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். நாலு நாள் பேசமாட்டான், ஐந்தாம் நாள் பேசுவான். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் சுகாதார கிளினிக்குக் கூட்டிப்போங்கள். 15555 என்ற ஹீல் எண்ணிலும் மனநல ஆலோசகர் பேசுவார்.

கே: குடித்த கூட்டாளி எழுப்பினாலும் எழவில்லை என்றால்?

ப: ஒருக்களித்துப் படுக்க வை, 999க்கு அடி. கோப்பி ஊற்றாதே, "தூங்கட்டும்" என்று தனியே விடாதே. இந்தப் பக்கத்தை இன்றே உன் அப்பாவிடம் காட்டு. எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் காரை எடுத்துக்கொண்டு வருவேன், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன் என்று அவர் உனக்கு வாக்குக் கொடுக்கட்டும்.