வனராஜாக்களுக்கு ஒரு பிளாட்வாசியின் விண்ணப்பம்

மாட்சிமை தங்கிய புஷ்கிராஃப்ட் கத்திக் கம்பனியாரின் கொழும்புக் கிளைக்கு,

வனராஜாக்களே,

போன செவ்வாய்க்கிழமை தங்கள் வொரன்டி கவுண்டரில் இருந்த தம்பி, என் மருமகன் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த கத்தியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, படிவத்தில் 'முறையற்ற பாவனை' என்று முத்திரை குத்தினார். பிடி வெடித்திருந்தது உண்மைதான். எப்படி வெடித்தது என்றார். சொதிக்குத் தேங்காய் உடைத்தேன் என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "அங்கிள், இது புஷ்கிராஃப்ட், காட்டு வேலைக்கான கத்தி. தேங்காய் இதில வராது."

இலங்கையில், தேங்காய் வராதாம்.

தங்கள் விளம்பரப் படத்தில் தாடிக்காரர் ஒருவர் இதே கத்தியை விறகுக் கட்டையில் பதித்து, அதன் முதுகில் தடியால் ஓங்கி ஓங்கி அடிக்கிறாரே என்று பணிவோடு கேட்டேன். தம்பி பொறுமையாக விளக்கினார்: தடியால் கத்தியை அடிக்கலாம், கத்தியால் தேங்காயை அடிக்கக் கூடாது. இப்படி ஒரு உபதேசத்தைக் குருகுலத்தில் போய் இருந்தாலும் பெற முடியாது. பஸ் காசோடு கிடைத்தது, நன்றி.

ஆகவே வனராஜாக்களே, 'பிளாட்கிராஃப்ட்' என்று புது வகை ஒன்றைத் தாங்கள் உடனே தொடங்க வேண்டும். நான் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், ஐந்தாம் மாடி. லிஃப்ட் நின்ற நாளில் காஸ் சிலிண்டரோடு ஏறுவதுதான் எங்கள் மலையேற்றம். மேல் வீட்டு ஏசியிலிருந்து சொட்டுவது எங்கள் அருவி. பிளாட்கிராஃப்ட் கத்தி தேங்காய் உடைக்க வேண்டும், பலாக்காய் பிளக்க வேண்டும், கனடாவிலிருந்து வரும் பார்சலின் டேப்பை வெட்ட வேண்டும். உறையில் ஒரு திசைகாட்டியும் வையுங்கள், பார்க்கிங்கில் வண்டியைத் தேட உதவும்.

சிரிக்காதீர்கள். பிளாட்டை விட்டால் தங்கள் கத்திக்கு இந்த நாட்டில் வேறு போக்கிடம் எங்கே? வில்பத்துவிலும் யாலவிலும் ஜீப்பை விட்டு நினைத்த இடத்தில் இறங்க விடமாட்டார்கள். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அங்கே ஒரு கிளையைச் சீவிக் காட்டுங்கள், வழக்கு எழுதுவார்கள். தாடிக்காரர் செய்வதையெல்லாம் இங்கே செய்தால் தாடியோடு உள்ளே போக வேண்டியதுதான்.

தங்கள் வகை முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நாலு அங்குல அளவில் அலகு, பிடியின் கடைசி வரை ஓடும் இரும்பு, இரண்டு பக்கமும் ஒரே சரிவாகத் தீட்டிய ஸ்காண்டி விளிம்பு. மரம் சீவ அது அருமையான கருவி. கனடாவின் மோர்ஸ் கோஹான்ஸ்கி 1980களில் காட்டு வாழ்க்கை பற்றி எழுதியபோது மெச்சியது சுவீடனின் மோரா ஊர்க் கத்தியை. தச்சரும் தோட்டக்காரரும் சாதாரணமாக வைத்திருந்த, விலை மலிந்த கத்தி அது. 2004இல் ரே மியர்ஸ் பிபிசியில் புஷ்கிராஃப்ட் என்ற பெயரிலேயே தொடர் நடத்தினார். பிறகு தச்சன் கத்திக்குப் பச்சை உறை வந்தது, தீக்குச்சிக்குப் பதில் தீக்கோல் வந்தது, விலையில் ஒரு பூச்சியம் கூடியது. பெட்டிக்குள் இருப்பது என்னவோ அதே தச்சன் கத்திதான்.

எங்கள் பக்கத்திலும் வகைகள் உண்டு. பாளை சீவப் பாளைக்கத்தி, ஓலை வாரச் சத்தகம், வேலிக் கிளை வெட்டக் கொடுவாக்கத்தி. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்குப் பிறந்தது. லொறியின் வில்லுத்தகட்டைக் காய்ச்சி அடித்துக் கொடுக்கும் கொல்லர் எவரும் பனையேறுபவரிடம் 'முறையற்ற பாவனை' என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. இந்த நாட்டிலேயே, சமனலவெவப் பக்கத்தில், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பருவக்காற்றைக் கொண்டு உலை எரித்து இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கில்லியன் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அதை ஆராய்ந்து 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்த இரும்புக்கு உறையும் இல்லை, தாடிக்காரரும் இல்லை.

தங்கள் வகை இரண்டே நேரத்தில்தான் உயிர் பெறுகிறது: விலை போடும்போதும், திருப்பிக் கொண்டுவந்தால் மறுக்கும்போதும். விற்கிறபோது 'எல்லாம் செய்யும்'. உடைந்தால் 'இதற்கு இல்லை'.

இன்னொன்று. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு, மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் கத்திகளையும் ஒப்படைக்கச் சொன்னது பொலிஸ். அன்றாடப் பாவனைக் கத்திக்கு விலக்கு என்றார்கள். எது அன்றாடம், எது ஆயுதம் என்று முடிவு செய்தவர் வாசலில் நின்றவர். எங்கள் குசினியில் கிடந்த மன்னாக் கத்தியைத் துணியில் சுற்றி அரிசி வாளிக்குள் வைத்தாள் என் மனைவி. கறிக்கு வெட்டும் கத்தி, ஐயா! அதையும்விடப் பெரிய கத்திகள் தங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிச்சம் போட்டு 'பொழுதுபோக்கு' என்று கிடக்கின்றன. அதில் ஒன்றைக் கொட்டாஞ்சேனைப் பொடியன் ஒருவன் இடுப்பில் செருகி ஓட்டோவில் போகட்டும். சோதனைச் சாவடியில் ஸ்காண்டி விளிம்பைப் பற்றியா கேட்பார்கள்? அவன் பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், அடுத்த நாள் பத்திரிகையில் படம் வரும். வகைப்பாடு கத்திக்கு இல்லை, பிடித்திருக்கும் கைக்கு.

மன்னிக்க வேண்டும், வனராஜாக்களே, கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். பிளாட்டில் சுவர் மெல்லிசு.

தேங்காய் அன்றைக்கே உடைந்துவிட்டது. பழைய சோனகத் தெருவில் எப்போதோ வாங்கிய மன்னாக் கத்தியின் முதுகால் ஒரே போடு. ஆகவே பிளாட்கிராஃப்டைத் தொடங்கும் வரையில் ஒன்று மட்டும் செய்யுங்கள்: பெட்டியில் தாடிக்காரர் படத்துக்குக் கீழே, மூன்று மொழியிலும், விலைக்கு நிகரான எழுத்தில், 'தேங்காய்க்கு உதவாது' என்று அச்சடியுங்கள். மருமகன் கொடுத்த காசைத் திருப்பித் தர விரும்பினாலும் மறுக்க மாட்டேன். பில் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பிடி வெடித்த கத்தியின் தற்போதைய சொந்தக்காரன்,
வெள்ளவத்தை, ஐந்தாம் மாடி (லிஃப்ட் இன்றைக்கு வேலை செய்யும்)