பாஸ் பண்ணது உன் தப்புதான் பேராண்டி

வா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. மூஞ்சி இன்னா தொங்கிப் போச்சு? மறுபடியும் மெட்ராஸ் போய்க் கோஷம் போட்டுட்டு வந்தியா? வேன்ல ஏத்தி, மண்டபத்துல வெச்சு, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் அனுப்பிட்டாங்களா? எடுத்துக்கோ, சர்க்கார்கிட்ட இருந்து உனக்கு வந்த முதல் சம்பளம் அது.

சர்க்காரைத் திட்டாதே. தப்பு உன்மேல. 2013 ஆகஸ்ட் 17, 18-ன்னு ரெண்டு நாள் வாத்தியார் தகுதித் தேர்வு, அதான் டெட் பரீட்சை, வெச்சாங்க. 150-க்கு 90 வாங்குன்னாங்க. சொன்னா உடனே வாங்கிடறதா? உன் கூடப் பெயிலானவனைப் பாரு. அன்னிக்கே புஸ்தகத்தைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டு, வெள்ளைகேட் பக்கம் மாவு மில்லு வெச்சான். இன்னிக்கு மாடி எழுப்பிட்டான். நீ பாஸ் பண்ணே, கெட்டே.

பாஸ் பண்ணதும் வேலை குடுத்துட்டா அப்புறம் சர்க்காருக்கு இன்னா மரியாதை? 2014 மே மாசம் புது வெயிட்டேஜ்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. டெட் மார்க் மட்டும் போதாது, ப்ளஸ் டூல இன்னா வாங்கினே, காலேஜ்ல இன்னா வாங்கினே, பி.எட்.ல இன்னா வாங்கினே, எல்லாத்தையும் கூட்டுன்னாங்க. உங்க காலத்துல ப்ளஸ் டூ மார்க்கை அளந்து போட்டாங்க. பின்னாடி வந்த பசங்களுக்கு அள்ளிப் போட்டாங்க. அளந்து வாங்கின நீ வரிசையில பின்னால போயிட்டே.

சரி, வெயிட்டேஜ் வேண்டாம்னு கத்தினீங்க. 2018 ஜூலையில அதையும் எடுத்தாங்க, அரசாணை 149. எடுத்துட்டு இன்னா சொன்னாங்க? டெட் பாஸ் பண்ணவங்க எல்லாம் இன்னொரு போட்டித் தேர்வு எழுதுங்கன்னாங்க. பரீட்சை பாஸ் பண்ணவனுக்குப் பரிசு, இன்னொரு பரீட்சை!

உன் சர்ட்டிபிகேட் 7 வருஷம்தான் செல்லும்னு இருந்துது. 2021 ஜூன்ல டெல்லிக்காரங்க மனசு இளகி, ஆயுசுக்கும் செல்லும்னுட்டாங்க. வேலைக்கு உத்தரவாதம் இல்ல, காகிதத்துக்கு உண்டு. லேமினேட் பண்ணி வெச்சிருக்கே இல்ல? உனக்கப்புறமும் இருக்கும். அதே வருஷம் தேர்தல் அறிக்கையில உங்களுக்கு வேலைன்னு வாக்குறுதி குடுத்து, அதுக்கு 177-ன்னு ஒரு நம்பரும் குடுத்தாங்க. நம்பர் இல்லன்னு மட்டும் நீ சொல்ல முடியாது.

அப்புறம் 2023 அக்டோபர். வாத்தியார் வேலைக்கு வயசு வரம்பு பொதுப் பிரிவுக்கு 53, மத்தவங்களுக்கு 58. நீங்க எல்லாம் கை தட்டினீங்க. ரிட்டயர் ஆகற வயசு 60. கணக்கு வாத்தியார் நீதானே, கழிச்சுப் பாரு. 58-ல உள்ள போனா, பசங்க பேர் மனசுல நிக்கறதுக்குள்ள பிரிவு உபசார விழா வந்துடும். சேர்ற அன்னிக்குப் போட்ட மாலையைப் பத்திரமா வெச்சுக்கோ, செலவு மிச்சம்.

அந்த 60 இருக்கே, அதுவும் சும்மா வரல. 58-ஆ இருந்ததை 2020 மே மாசம் 59 ஆக்கினாங்க. மறு வருஷம் 60 ஆக்கினாங்க. ரெண்டு வருஷம் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. அதே 2020 மே மாசம், கொரோனாச் செலவுன்னு சொல்லிப் புதுப் பணியிடம் உருவாக்கவும் தடை போட்டாங்க. உள்ள இருக்கிறவன் எழுந்திருக்க மாட்டான், புது நாற்காலியும் செய்ய மாட்டாங்க. நீ நின்னுக்கினே இரு.

இதுக்கெல்லாம் மகுடமா, 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு குடுத்துது. வேலையில இருக்கிற வாத்தியார்ல அஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ் பாக்கி இருக்கிறவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணுமாம். பாஸ் பண்ணவன் வாசல்ல, பாஸ் பண்ணாதவன் வகுப்புல! நீ அவங்களுக்கு டெட் கோச்சிங் எடுக்கலாம்டா. கிண்டல் இல்ல, நிசமாத்தான் சொல்றேன்.

உன்னை விட உங்க சித்தப்பா காலத்துப் பசங்க குடுத்து வெச்சவங்க. 2001 நவம்பர் 29-ல அ.தி.மு.க. ஆட்சியில அரசாணை 212 போட்டு, ஆள் எடுக்கத் தடைன்னு ஒடச்சு சொல்லிட்டாங்க. தடைன்னு பேர், போட்ட தேதி, எல்லாம் இருந்துது. 2006 பிப்ரவரி 7-ல நீக்கினாங்க, அதுக்கும் தேதி இருந்துது. தேதி இருந்ததால ‘இத்தினி வருஷம் எங்களுக்குப் போச்சு’ன்னு கணக்குக் காட்டி, பின்னால வந்த ஆட்சியில வயசுச் சலுகை வாங்கினாங்க. உனக்கு ஆள் எடுக்கத் தடைன்னே யாரும் சொல்லல. போடாத தடையை எவன் நீக்குவான்?

ஊரு உலகத்துலயும் இதேதான். பட்டாளத்துக்கு ஓடி, குதிச்சு, டாக்டர் பரிசோதனையும் தாண்டின பசங்க எழுத்துத் தேர்வுக்குக் காத்துக்கினு இருந்தாங்க. 2022 ஜூன்ல அக்னிபத் வந்துது, பழைய ஆள்சேர்ப்பு ரத்து, முதல்ல இருந்து வான்னுட்டாங்க. அமெரிக்காவுல 2025 ஜனவரி 20, ட்ரம்ப் பதவி ஏத்த அன்னிக்கே சர்க்கார் ஆளெடுப்பை நிறுத்தினார். வேலைக்கு வான்னு கடுதாசி வாங்கின பல பேர் அதைத் திருப்பிப் பார்த்துக்கினு நின்னாங்க. அவங்களாவது கடுதாசி பார்த்தாங்க.

ஆனா ஒண்ணு கவனிச்சியா? தடை எப்பவும் ஆளுக்குத்தான், வேலைக்கு இல்ல. 2001 தடையில வாத்தியாருக்கு விலக்கு உண்டு. ஆனா கொஞ்ச நாள்ல தொகுப்பூதியம்னு சொல்லி, இடைநிலை வாத்தியாருக்கு மாசம் 3,000 ரூபான்னுட்டாங்க. 2006 ஜூன்லதான் நிரந்தரம் பண்ணாங்க. 2012-ல பகுதி நேரம்னு 16,549 பேரை 5,000 ரூபாய்க்கு எடுத்தாங்க. 2022-ல காலியா இருந்த 13,331 இடத்துக்குத் தற்காலிகமா ஆள் எடுக்கச் சொன்னாங்களே, இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000-ன்னு. இடமே இல்லன்னா அந்த 13,331 எங்க இருந்து வந்துது? பாடம் நடக்கணும், பசங்க பாஸ் ஆகணும், வாத்தியார் மட்டும் சம்பளப் பட்டியல்ல இருக்கக்கூடாது.

நம்ம தெருவுல சில பட்டுத்தறி முதலாளிங்க பண்ற வேலைதான் இது. பாவைக் குடுத்துடுவாரு. நீ தறியில ஏத்தி, இழை இழையாப் பிணைச்சு, குழியில காலைத் தொங்கப் போட்டுக் குந்தியிருப்பே. ஊடைப் பட்டு வராது, சரிகை வராது. கேட்டா ‘வரும் வரும்’பாரு. இல்லன்னு சொல்லிட்டா பாவை இறக்கிட்டு வேற இடத்துப் பாவை ஏத்திக்கலாம். அதைத்தான் சொல்ல மாட்டாரு. அவருக்கு இன்னா நஷ்டம்? தறியும் உன்னுது, குழியும் உன்னுது, வயிறும் உன்னுது.

உத்திரமேரூர்ல கல்வெட்டு இருக்குன்னு நீதான் பசங்களைக் கூட்டிப் போய்க் காட்டினே. பராந்தக சோழன் காலம், 919, 921. பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, அங்கேயே எல்லார் காதிலயும் விழறாப்பல படிச்சு, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் வெச்சாங்க. 35-க்கு மேல 70-க்குள்ளன்னு வயசு, உனக்குப் பொருத்தம்தான். ஆனா கால்வேலி நிலமும் வேணும், வேதமும் தெரியணும். உன்கிட்ட இருக்கிறது பி.எட். அங்கேயும் அவுட்டு.

நம்ம ஊரு திரைலோக்கியநாதர் சமணக் கோயில் மண்டபத்துல, கூரையில ரிஷபதேவர் கதையையும் வர்த்தமானர் கதையையும் சித்திரமா எழுதி வெச்சிருக்காங்களே, பார்த்திருக்கே இல்ல? ராஜ்ஜியம் வேண்டாம், சொத்து வேண்டாம்னு விட்டவங்க. அவங்களுக்கு விஜயநகரத்து மந்திரி இருகப்பரே வந்து மண்டபம் கட்டிக் குடுத்தாரு. வேணும் வேணும்னு நிக்கிற உன்னைப் பார்த்து மந்திரி கார் கண்ணாடியைக்கூட இறக்கல.

அதுக்காக வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடாதே. அதுக்குத்தான் அவங்க காத்துக்கினு இருக்காங்க. கோர்ட்டு கேஸை விடாதே, ஊர்வலத்தை விடாதே. ஆனா அடுத்த தபா ‘எப்ப வேலை குடுப்பீங்க’ன்னு கேக்காதே, அந்தக் கேள்விக்கு அவங்ககிட்ட பதினாறு பதில் இருக்கு. தகவல் சட்டத்துல 10 ரூபா ஸ்டாம்பு ஒட்டிக் கேளு: கணக்கு வாத்தியார் இடம் எத்தினி காலி, எந்தத் தேதியில இருந்து காலி, அந்த இடத்துல இப்ப யார் இன்னா சம்பளத்துக்கு நிக்கிறாங்க? உனக்கு வேலை குடுக்கக் கெடு இல்ல, பதில் குடுக்க 30 நாள் கெடு இருக்கு. இருக்கிற ஒரு கெடுவையாவது புடி.

அப்புறம், நீயும் ஒரு அரசாணை போடணும். சர்க்கார் தடை போட்டது ஒரு வேலைக்கு. நீ எத்தினிக்குப் போட்டே? வேலை வரட்டும்னு கல்யாணத்துக்குத் தடை, கூரை மாத்தறதுக்குத் தடை, உங்கம்மா கண் ஆபரேஷனுக்குத் தடை, திருவிழாவுக்கு ஒரு புதுச் சட்டைக்குத் தடை. நிதித்துறைச் செயலாளர்கூட இவ்ளோ கறார் கிடையாது. இன்னிலேர்ந்து உன் வீட்டுத் தடை எல்லாம் நீக்கம், கையெழுத்துப் போடு. சாயங்காலம் நம்ம தெருப் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடு. பீஸ் கறாரா வாங்கு. இனாமா வேலை வாங்க சர்க்கார் ஒண்ணு இருக்கு, போதும்.

வர்ற தையில பொண்ணு பார்க்கப் போறோம். மாப்ளே இன்னா பண்றாருன்னு கேப்பாங்க. வாத்தியார்னு தைரியமா சொல்லு, பரீட்சை பாஸ் பண்ணியிருக்கே, பொய் இல்ல. எந்த ஸ்கூல்னு கேட்டா மட்டும் என்னைக் கை காட்டு. “அது சர்க்காருக்கே இன்னும் தெரியலைங்க”ன்னு நான் சொல்லிக்கறேன்.